முதல் 200 கிலோமீட்டர் பிரெவே: புதிதாகச் சைக்கிள் ஓட்டத் தொடங்கியவருக்கு ஒரு விரிவான பதில்

நாற்பதை நெருங்கும் வயது, நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் வேலை, ஆறு மாதங்களுக்கு முன் வாங்கிய ஹைபிரிட் சைக்கிள், ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் என்று உங்கள் நிலையைச் சொல்லி, உடன் ஓட்டும் நண்பர்கள் 200 கிலோமீட்டர் பிரெவே என்ற நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்வதாகவும், பந்தயம் ஓட்டும் வேகம் உங்களிடம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சைக்கிளிலேயே அது முடியுமா, தயாராக எவ்வளவு காலம் ஆகும் என்பவை உங்கள் கேள்விகள்.

முடியும், மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் போதும், புதிய சைக்கிள் தேவையில்லை. பொதுவாக வேகக் குறைவால் யாரும் முதல் பிரெவேயைத் தவற விடுவதில்லை. நின்ற இடங்களில் கரைந்த நேரமும், பசி தெரிந்த பிறகு சாப்பிட்டதும், பழுது பார்க்கத் தெரியாததுமே பெரும்பாலானோரைப் பாதியில் நிறுத்துகின்றன. இந்த மூன்றையும் எந்த உடல்வாகு உள்ளவரும் கற்றுக்கொள்ளலாம்.

பிரெவே என்பது பந்தயம் அல்ல என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட வழியை, குறிப்பிட்ட நேரத்துக்குள், அடுத்தவர் உதவியை எதிர்பார்க்காமல் ஓட்டி முடிப்பதே அதன் நோக்கம். முதலிடம், இரண்டாமிடம் என்ற வரிசையோ பரிசு மேடையோ கிடையாது. இதை உலக அளவில் நிர்வகிப்பது 1904-இல் தொடங்கப்பட்ட ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சு மன்றம். இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் என்ற அமைப்பின் கீழ் அந்தந்த ஊர் மன்றங்கள் நடத்துகின்றன. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்பவை கால வரம்புகள். நவம்பரில் தொடங்கி அடுத்த அக்டோபரில் முடியும் ஒரே பருவத்தில் இந்த நான்கையும் முடிப்பவரை சூப்பர் ராண்டனர் என்று அழைக்கிறார்கள். இந்த மரபின் உச்சியில் இருப்பது பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய அது, இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் கடக்கும் நிகழ்வாக நடக்கிறது. அண்மைய முறைகளில் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் அதற்குப் போயிருக்கிறார்கள். உங்கள் நண்பர்கள் உங்களை எங்கே இழுத்துச் செல்லப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்திருக்கட்டும் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். இப்போதைக்கு 200 மட்டும் போதும்.

அந்த 13 மணி 30 நிமிடத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். சக்கரம் சுழலும் நேரத்தில் உங்கள் சராசரி மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் ஓட்டுவதற்கு 10 மணி நேரம் ஆகும். நிற்பதற்கு மூன்றரை மணி நேரம் மிச்சம் இருக்கும். சராசரி 18 ஆகக் குறைந்தாலும் ஓட்டும் நேரம் 11 மணியைச் சற்றே தாண்டும், கையில் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் இருக்கும். இனி மறுபக்கம் பாருங்கள். சராசரியை 20-லிருந்து 22 ஆக உயர்த்தினால் மிச்சமாகும் நேரம் ஏறத்தாழ 55 நிமிடம். அந்த இரண்டு கிலோமீட்டரைக் கூட்டுவதற்கு உங்களுக்குப் பல மாதங்கள் பிடிக்கும். ஆனால் வழியில் பத்து இடங்களில் பதினைந்து நிமிடம் வீதம் நிற்பவர், அதே பத்து இடங்களில் ஐந்து நிமிடம் வீதம் நின்றால், கூடுதலாக ஒரு துளி வியர்வை சிந்தாமல் 100 நிமிடத்தை மிச்சப்படுத்திவிடுவார். ஆகவே பயிற்சியின்போதே நிற்கும் நேரத்தைக் கவனிக்கப் பழகுங்கள். நிற்கும் முன்பே என்னென்ன செய்யப் போகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்: தண்ணீர் நிரப்புவது, கழிப்பறை, சாப்பிட ஏதாவது வாங்கிச் சட்டையின் பின்பையில் போட்டுக்கொள்வது, புறப்படுவது. கைப்பேசியை எடுத்துப் படம் அனுப்பத் தொடங்கினால் அந்த நிறுத்தம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

வழியில் கண்ட்ரோல் எனப்படும் சோதனை இடங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் இருக்கும். மூடும் நேரம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற கணக்கிலும், திறக்கும் நேரம் முதல் 200 கிலோமீட்டர் வரை மணிக்கு 34 கிலோமீட்டர் என்ற கணக்கிலும் அமையும். காலை 6 மணிக்குப் புறப்படும் பிரெவேயில் 100-ஆவது கிலோமீட்டரில் திரும்பும் இடம் இருந்தால், அங்கே நீங்கள் 12.40-க்குள் போய்ச் சேர வேண்டும். ஆள் இருக்கும் இடத்தில் பிரெவே அட்டையில் முத்திரையும் நேரமும் பதிப்பார்கள். ஆள் இல்லாத இடத்தில், நேரம் அச்சிடப்பட்ட கடை ரசீதையோ ஏ.டி.எம். சீட்டையோ சான்றாகக் கேட்பதுண்டு. வியர்வையில் நனைந்த ரசீதில் எழுத்து அழிந்துபோகும் என்பதால், அட்டையையும் ரசீதையும் ஒரு ஜிப் உறையில் போட்டு வையுங்கள். இன்னொரு விதியும் முக்கியம்: உங்களுக்கு உதவ வரும் கார் கண்ட்ரோல் இடங்களில் மட்டுமே உங்களைச் சந்திக்கலாம், வழியில் பின்தொடரக் கூடாது. அன்பின் மிகுதியால் வீட்டார் பின்னாலேயே காரில் வந்தால் உங்கள் ஓட்டம் செல்லாமல் போகக்கூடும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹைபிரிட் சைக்கிளில் 200 முடித்தவர்கள் ஏராளம். முண்டு முண்டாக இருக்கும் டயர் என்றால், 28 அல்லது 32 மில்லிமீட்டர் அகலமுள்ள வழுவழுப்பான டயராக மாற்றுங்கள். உங்கள் ரிம் எந்த அகலத்தை ஏற்கும் என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச காற்றழுத்தம் ஒரு எல்லை மட்டுமே. அதுவரை அடித்துவிட்டு நம் சாலைகளில் ஓட்டினால் கையும் முதுகும் நொந்துபோகும், சைக்கிளும் வேகமாகப் போகாது. இருக்கையின் உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் முழுவதும் நீள வேண்டும், பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். புதியவர்களில் பலர், நிற்கும்போது இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்று இருக்கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, எண்பதாவது கிலோமீட்டரில் முழங்கால் வலி என்கிறார்கள். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை ஒன்று வாங்குங்கள். அதற்குள் வேறு உள்ளாடை அணியக் கூடாது, ஏனெனில் அந்தத் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்கும். ஹெல்மெட், முன் விளக்கு, பின் விளக்கு, ஒளிரும் மேலங்கி ஆகியவற்றில் விவாதத்துக்கே இடமில்லை. 6 மணிக்குப் புறப்பட்டு முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டால் இரவு 7.30-க்குத்தான் முடிப்பீர்கள், கடைசி ஒரு மணி நேரம் இருட்டில்தான் ஓடும். காலணியைப் பெடலோடு பூட்டும் க்ளீட் வகையறாக்களை இரண்டாவது ஆண்டில் யோசிக்கலாம்.

பணத்தைச் செலவழிக்கத் துடித்தால், அதை இரண்டு உபரி டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, ஒரு கைப்பம்பு, ஒரு பல்முனைக் கருவி, ஒட்டுப் பெட்டி ஆகியவற்றில் செலவழியுங்கள். பஞ்சர் பார்க்கத் தெரியாமல் பிரெவேக்குப் போகாதீர்கள். சாலையோரப் பஞ்சர் கடையை நம்பலாம் என்று தோன்றும். ஆனால் ரோடு சைக்கிள்களிலும் பல ஹைபிரிட்களிலும் இருப்பது மெலிந்த பிரெஸ்டா வால்வு, அந்தக் கடைகளின் காற்றுக்குழாய் அதில் பொருந்தாது. பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றை வால்வின் மேலேயே திருகி வைத்திருந்தால், லாரிக்குக் காற்றடிக்கும் கடையிலும் நீங்கள் காற்றடித்துக்கொள்ளலாம்; கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்கள், அந்தக் கம்ப்ரெஸரின் வேகத்துக்கு நம் டியூப் தாங்காது.

பின்சக்கரத்தைக் கழற்றிப் பூட்டும் பயிற்சியை வீட்டு முற்றத்தில் செய்யுங்கள், ஏனெனில் பெரும்பாலும் பின்சக்கரம்தான் பஞ்சராகும். கழற்றும் முன் சங்கிலியை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் சக்கரம் சிக்கலின்றிக் கீழே இறங்கும். டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் ரிம்மிலிருந்து எடுத்து டியூபை உருவுங்கள். இப்போது அவசரப்பட்டுப் புதிய டியூபைப் போட்டுவிடாமல், டயரின் உட்பக்கம் முழுவதையும் விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். நம் ஊர்ச் சாலையோரங்களில் எங்கும் நிற்கும் சீமைக் கருவேலத்தின் முள், டயரின் வெளிப்பக்கம் ஒடிந்து, உட்பக்கம் ஒரு மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அதை எடுக்காமல் போட்ட புதிய டியூப் அரை மணி நேரத்தில் மறுபடியும் காற்றிறங்கும். புதிய டியூபில் உருவம் வரும் அளவுக்குச் சிறிது காற்றடித்து உள்ளே நுழைத்து, வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி விளிம்பைக் கட்டைவிரலால் ஏற்றிக்கொண்டே வந்து வால்வின் அருகில் முடியுங்கள். கடைசி நான்கு விரற்கடை ஏறாமல் முரண்டு பிடிக்கும். அங்கே நெம்புகோலைப் பயன்படுத்தினால் புதிய டியூபையே கிள்ளி ஓட்டை போட்டுவிடும் ஆபத்து உண்டு. விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தால் கைவிரலுக்கே அது இளகிக் கொடுக்கும். முழுக் காற்று அடிக்கும் முன் இரு பக்கமும் டியூப் எங்கேனும் மாட்டியிருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஒரு மணி நேரமும், ஞாயிறு அன்று ஒரு நீண்ட ஓட்டமும் போதும். இப்போது 40 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால், நீண்ட ஓட்டத்தை வாரத்துக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போய், மூன்று வாரம் ஏற்றிய பின் நான்காவது வாரம் குறைத்து, பன்னிரண்டு வாரத்தில் 130, 140 வரை வாருங்கள். பயிற்சியில் 200-ஐ முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. 140-ஐ நல்ல நிலையில் முடிப்பவர் பிரெவே நாளில் 200-ஐ முடிப்பார். வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்றால், பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவு. மூச்சு வாங்கி ஒற்றைச் சொற்களில் பதில் சொல்ல நேர்ந்தால் வேகத்தைக் குறையுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், இந்தப் பன்னிரண்டு வாரத்தைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

உணவில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். உடலில் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு சில மணி நேர உழைப்புக்கே போதும். அது தீர்ந்தபின் கால் நகராது, தலை சுற்றும், காரணமில்லாத எரிச்சல் வரும். அந்த நிலைக்குப் போனபின் சாப்பிட்டால் மீண்டு வர நெடுநேரம் பிடிக்கும். ஆகவே முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும்; வாழைப்பழமும் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் பின்பையில் இருந்தால் இறக்குமதி ஜெல் பாக்கெட்டுகளுக்கு வேலை இல்லை. உட்கார்ந்து சாப்பிட இட்லியும் தயிர்சாதமும் உத்தமம். திரும்பும் இடத்தில் எல்லோரும் பரோட்டாவும் பிரியாணியும் சொல்வார்கள். அன்று மட்டும் அந்த மேசையில் உட்காராதீர்கள், அடுத்த இரண்டு மணி நேரம் வயிறு உங்களோடு ஒத்துழைக்காது. பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் பிரெவே நாளில் முயலவும் வேண்டாம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை, வெயிலுக்குத் தக்கபடி. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, குமட்டலும் தலைவலியும் குழப்பமும் வரலாம். அதை நீர்ச்சத்துக் குறைவு என்று தவறாக நினைத்து மேலும் தண்ணீர் குடிப்பவர்கள் நிலைமையை மோசமாக்கிக்கொள்கிறார்கள். இரண்டு பாட்டிலில் ஒன்றில் ஓ.ஆர்.எஸ். கரைத்து வையுங்கள்; உப்புப் போட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் அதே வேலையைச் செய்யும். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. எனவே இளநீர் குடித்தால் கூடவே உப்பாக ஏதாவது சாப்பிடுங்கள்.

எந்த மாதத்தில் பெயர் கொடுப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். சென்னைப் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களில் முதல் பிரெவே வேண்டவே வேண்டாம்; டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் வடகிழக்குப் பருவக்காற்று முழுதும் ஓயாத நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரு விளையாட்டுக் காட்டும்: சென்னையிலிருந்து புதுச்சேரித் திசையில் போகும்போது காற்று முதுகில் தள்ள, நாம் இன்று நல்ல பலத்தில் இருக்கிறோம் என்று தோன்றும், திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்றும் அப்படித்தான். காற்றாலைகளை அங்கே சும்மா நிறுத்தவில்லை. போகும்போது இலவசமாகக் கிடைத்த வேகத்தைச் சேமிப்பாக எண்ணாமல் மெதுவாகவே மிதித்து, எதிர்காற்றில் வேகமானியைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். ஒத்த வேகமுள்ள நாலைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக முறை மாற்றி முன்னே வந்தால், பின்னால் இருப்பவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். பிரெவே விதிகள் இதைத் தடுப்பதில்லை. முன்னவரின் பின்சக்கரத்தோடு உங்கள் முன்சக்கரம் பக்கவாட்டில் இணையும்படி மட்டும் ஒருபோதும் ஓட்டாதீர்கள். அவர் லேசாக விலகினாலும் விழப்போவது நீங்கள்தான்.

நெடுஞ்சாலையில் லாரியைவிட அதிகம் கவனிக்க வேண்டியவர், சர்வீஸ் சாலை சேரும் இடத்தில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனக்காரர். விடியற்காலை நாய்கள் துரத்தினால் வேகமெடுப்பதைவிட இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடப்பதே பெரும்பாலும் பலனளிக்கும். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், பிரெவே அத்துடன் முடிந்தது.

பிரெவே தவிர வேறு நிகழ்வுகளும் உண்டு. நகரங்களில் நடக்கும் சைக்ளோத்தான்கள், அதாவது பெருங்கூட்டமாக ஓட்டும் சைக்கிள் நிகழ்வுகள், நல்ல அனுபவம்தான். ஆனால் முதல் இரண்டு கிலோமீட்டரில் பழக்கமில்லாத நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து ஓட்டுவதால், என் கருத்தில் பிரெவேயைவிட அங்கே விழும் வாய்ப்பு அதிகம். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் போன்ற பல நாள் பயணங்களில் மசினகுடியிலிருந்து உதகைக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் கல்லட்டிப் பாதை வரும். அதற்கு மலையில் தனியாகப் பயிற்சி வேண்டும், உங்கள் மூன்று மாதக் கணக்கு அங்கே செல்லாது.

பிரெவே நாளில் முடியாமல் போனால், ஒருங்கிணைப்பாளருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போனால் இரவில் உங்களைத் தேடி ஆள் அலைவார்கள். வெயிலில் வியர்வை நின்று உடல் சூடேறினால், பேச்சு குழறினால், நெஞ்சில் அழுத்தம் தெரிந்தால் அங்கேயே நிழலில் உட்கார்ந்து உதவி கேட்க வேண்டும், எத்தனை கிலோமீட்டர் மீதம் என்று பார்க்கக் கூடாது. தொடை வலி, கைமரப்பு, சலிப்பு ஆகியவை அந்த வகை அல்ல. பத்து நிமிடம் உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டால் பெரும்பாலும் கடந்துபோகும். 130-க்கும் 160-க்கும் இடையே எல்லோருக்கும் ஒரு சலிப்பு வருகிறது, அங்கே முடிவெடுக்காமல் அடுத்த கண்ட்ரோல் வரை போய்விட்டு யோசியுங்கள்.

200 முடித்த சூட்டோடு நண்பர்கள் அடுத்த மாதம் 300-க்கு அழைப்பார்கள். 20 மணி நேர வரம்புள்ள அதில் நள்ளிரவைத் தாண்டி ஓட்ட நேரிடலாம். எனவே பெயர் கொடுக்கும் முன், உங்கள் முன்விளக்கு முழு இரவுக்கும் பேட்டரி தாங்குகிறதா என்று ஒரு நாள் வீட்டில் எரியவிட்டுப் பாருங்கள்.